வராதவரின் தலைமுடி

பதிவுகள் பாதுகாப்பு இயக்ககத்தில் பத்தொன்பது வருடமாகத் தபால் அனுப்பும் எழுத்தராக இருந்தவர், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அலுவலகத்துக்கு வந்து, தாம் வரவில்லை என்று தெரிந்துகொண்டார்.

அதைச் சொன்னது, வாசலில் அன்றைக்குத்தான் மாட்டியிருந்த முகம் பார்க்கும் மெஷின். சாப்பாட்டுத் தட்டளவு ஒரு கண்ணாடி, மேலே ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும், உள்ளே எங்கிருந்தோ ஒரு பெண் குரல். முன்னால் போன பன்னிரண்டு பேருக்கும் "வணக்கம்" சொன்ன குரல், இவர் முகத்தைக் காட்டியதும் கொஞ்சம் யோசித்தது. பிறகு மரியாதையாகவே சொன்னது: "மன்னிக்கவும். நீங்கள் வரவில்லை."

அலுவலகத்தில் அவரைத் ‘தபால் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பின்னால் நின்ற அட்டெண்டர், "சார், கொஞ்சம் சிரிச்சுப் பாருங்க" என்றார். சிரித்தார். வரவில்லை. "இப்படியில்ல சார், வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குச் சிரிச்சீங்கல்ல, அந்த மாதிரி." அதையும் முயன்றார். அப்போதும் வரவில்லை.

விஷயம் இதுதான். மெஷின் வருவதற்கு முந்தின மாதம் ஊழியர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த ஒரு நாள் தபால் சார் தம் இடத்தில் இல்லை. யார் யாரைப் படம் எடுக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலை உடனே அனுப்பியாக வேண்டும் என்று நிர்வாக அதிகாரியே அவரைத் தபால் நிலையத்துக்கு விரட்டியிருந்தார். ஆகவே அவருக்கு மட்டும் பணிப் பதிவேட்டில் ஒட்டியிருந்த படத்தைப் பிய்த்து மெஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் எடுத்தது. அந்த இளைஞனுக்கு நெற்றி இருந்ததற்கான அடையாளமே படத்தில் இல்லை. புருவம் முடிந்த இடத்தில் முடி தொடங்கியது. இப்போதோ, முகம் எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று காலையில் முகம் கழுவும்போது தபால் சாருக்கே சந்தேகம் வரும்.

நிர்வாக அதிகாரி அறைக்குப் போனார்.

"என்ன தபால் சார், இன்னைக்கு லீவா?"

"இல்லைங்க சார். வந்துட்டேன்."

"மெஷின் வரலைன்னு சொல்லுதே."

"உங்க முன்னாடிதானே சார் நிக்கறேன்."

"நீங்க நிக்கறது எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "நான் தனி மனுஷன். என் கண்ணை நம்பி ஆபீஸ் நடந்தா, எனக்குக் கண்புரை வந்ததும் நின்னு போயிடும். அதுக்குத்தானே மெஷின்."

"மெஷின் தப்பா சொல்லலாமில்லைங்களா?"

"தப்பா சொல்லும்னா டெண்டர்ல எழுதியிருப்பாங்க. நான் எண்பது பக்கமும் படிச்சேன். எழுதலை."

தபால் சாருக்கு ஒரு விதி நினைவுக்கு வந்தது. தொடர்ந்து நூற்றெண்பது நாள் வராதவர் தாமாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்பது விதி. பழைய பதிவேட்டில் அந்த விதி தூசி படிந்து தூங்கிக்கொண்டிருந்தது. மெஷின் அதை எழுப்பிவிட்டது. நாட்களை அதுவே எண்ணும், நூற்றெண்பதாவது நாள் ஆணையை அதுவே அச்சடித்தும் விடும். வேலை போனால் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். இரண்டு அறை வீடு. அதில் ஒரு அறையில் மகள் பள்ளிக் கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோவை மாத்திடலாமே சார்" என்றார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "போட்டோவை மாத்தறது கொள்கை முடிவு. மேலிடத்துக்குப் போகணும். தலையை மாத்தறது நிர்வாக முடிவு. அது என் அதிகாரத்துக்குள்ளயே வருது."

தபால் சார் தம் இடத்துக்கு வந்து, முறைப்படி ஒரு கடிதம் எழுதினார். ‘பொருள்: புகைப்படம் மாற்றக் கோருதல் – தொடர்பாக.’ எட்டு வரி, ஒரு அடித்தல் கிடையாது. வந்த தபால் வாங்கும் எழுத்தர் அதைத் தொடவே இல்லை. "வராதவங்க கையால லெட்டர் வாங்கினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க சார். தபால்ல அனுப்புங்க, பதிவு பண்ணிக்கறேன்" என்றார். தபால் சார் தெருமுனைப் பெட்டியில் போட்டார். மறுநாள் அது உள்ளே வந்தது, எண் பெற்றது, கோப்பு ஆனது.

கோப்புக்குள் கடிதம் போனதும் ‘தலைமுடி மீட்பு மற்றும் கண்காணிப்புக் குழு’ பிறந்தது. தலைவர் நிர்வாக அதிகாரி. உறுப்பினர்கள், ஸ்டோர் கீப்பரும் தலைமைக் கணக்கரும். முதல் கூட்டத்தில் தபால் சாரைச் சுவரோரம் நிற்க வைத்து, ‘சிகிச்சைக்கு முன்’ என்று நேராக ஒரு படமும் உச்சியிலிருந்து ஒரு படமும் எடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள். உச்சிப் படத்துக்கு ஸ்டோர் கீப்பர் மேசைமேல் ஏற வேண்டியிருந்தது. விக் வைக்கலாமா என்று தபால் சார் கேட்டதும் மூன்று பேரும் ஒரே குரலில், "ஆள்மாறாட்டம்!" என்றார்கள்.

தோல் டாக்டர் நல்ல மனுஷர். தலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு திரவ மருந்து எழுதிக்கொடுத்தார். ஐந்து சதவீதக் கரைசல். காலையும் மாலையும், உலர்ந்த தலையில், சொட்டுக் குழாயால் ஒரு மில்லி. நாலு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. "முதல் ஒண்ணு ரெண்டு மாசம் இருக்கறதும் கொட்டும், பயப்படாதீங்க. பழசு விழுந்து புதுசு வரும். நாலு மாசம், ஆறு மாசம் பொறுமை வேணும். ஆனா ஒண்ணு, மருந்தை விட்டீங்கன்னா வந்ததும் போயிடும்" என்றார்.

மருந்து வாங்கும் கோப்பு ஸ்டோரில் நின்றது.

"அது என்ன சார் அஞ்சு சதவீதம்?" என்றார் ஸ்டோர் கீப்பர். "நூத்துக்கு அஞ்சுதான் வேலை செய்யும்னு அவனே புட்டியில ஒத்துக்கறான். இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நூறு சதவீதம் உள்ளதா பாருங்க."

நூறு சதவீதம் உள்ளதைத் தேடிப் பதினெட்டு நாள் மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. அனுப்பியது தபால் சார். அந்த மாதிரி எதுவும் இல்லை என்று பதில் வந்ததும், அந்தப் ‘பதில் வந்த விவரம்’ கோப்பில் ஏறி, முப்பத்து நாலாவது நாள் முதல் புட்டி கைக்கு வந்தது. புட்டியின் மேல் ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று சீல் அடித்திருந்தது.

மாலை மருந்தை அலுவலகத்தில் அட்டெண்டர் போட்டார். காலை மருந்து வீட்டில். மனைவி போடலாம், ஆனால் சாட்சிக் கையெழுத்து அவள் போட முடியாது. முடி வளர்ந்தால் அவளுக்கு நன்மை உண்டு, ஆகவே அவள் சாட்சியம் செல்லாது என்று குழு முடிவு செய்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த தலைமைக் கணக்கருக்கு அந்தப் பொறுப்பு வந்தது. அவர் தினமும் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டி, இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, காபியை வாங்கிக்கொண்டு, தபால் சாரின் தலையை உற்றுப் பார்ப்பார்.

"இடது பக்கம் ஒரு சொட்டு குறைஞ்ச மாதிரி இருக்கும்மா."

"ஓடிப் போச்சுங்க அண்ணே. நெத்திப் பக்கமா ஓடுது."

"நெத்தியில வளர்ந்தா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். துடைச்சிடு."

மகள் உள்ளறையிலிருந்து புத்தகமும் கையுமாக எட்டிப் பார்த்து, "இந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்க வாட்ச்மேன் இல்லைன்னு எல்லாரும் மனு போட்டீங்க. உங்க தலைக்கு மட்டும் போட்டுட்டாங்கப்பா" என்றாள்.

தலை அரித்தது. ஸ்பிரிட் நெடி சட்டைக் காலரில் ஏறி உட்கார்ந்தது. சொறியலாமா என்று தலைமைக் கணக்கரைக் கேட்டார்; விதியில் இல்லை என்று பதில் வந்தது. தபால் சார் சொறியவில்லை.

ஐம்பத்து மூன்றாவது நாள் முடி கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் சொன்னபடியேதான். தலையணையில், துண்டில், அனுப்புகைப் பதிவேட்டின் மடிப்பில். குழு அவசரமாகக் கூடியது. அலுவலக மருந்தால் பராமரிக்கப்படும் முடி அலுவலக உடைமை. அது விழுந்தால் குப்பையில் போட அவருக்கு உரிமை இல்லை. விழுந்த முடியைத் தினமும் சேகரித்து, உறையில் இட்டு, எண்ணிக்கையோடு முகப்புக் கடிதம் வைத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது.

எழுதுகிற விஷயத்தில் தபால் சாரிடம் குறை சொல்ல முடியாது. ‘பொருள்: உதிர்ந்த தலைமுடி சமர்ப்பித்தல். இணைப்பு: முடி – 23.’ தேதி, எண், கையெழுத்து. மேல் மாடிக்குப் போகும் தபால் பையில் தினமும் ஒன்று.

மூன்றாம் நாள் ஸ்டோர் கீப்பர் கீழே இறங்கி வந்தார். "லெட்டர்ல இருபத்திமூணுன்னு இருக்கு. எனக்கு இருபத்திரண்டுதான் வருது."

"நான் ரெண்டு தடவை எண்ணினேங்க."

"ஃபேனை நிறுத்திட்டு எண்ணினீங்களா?"

தபால் சார் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தார். ஃபேனை அவர் நிறுத்தியிருக்கவில்லை.

அந்த ஒரு முடிக்காக ஒரு விளக்கக் கடிதம். பிறகு மொத்த உதிர்வுக்காகக் காரணம் கேட்கும் குறிப்பாணை: ‘தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட முடியைக் கவனக்குறைவால் இழந்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ பழசு விழுந்தால்தான் புதுசு வரும் என்று டாக்டர் கைப்பட எழுதிய சீட்டை அவர் பதிலோடு வைத்தார். நிர்வாக அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நம்ம துறைக்கே விரோதமான கருத்து. நாம பழசைப் பாதுகாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவங்க. பழசு விழுந்தாத்தான் புதுசு வரும்னு எழுத்துல ஒத்துக்கிட்டா, நாளைக்கு இந்தக் கட்டடத்தையே இடிக்கலாமான்னு கேப்பாங்க. சீட்டைத் திருப்பி எடுத்துக்கங்க. நீங்களும் குடுக்கலை, நானும் பாக்கலை."

நூற்றுப் பத்தாவது நாள் முடி உறைகள் குறைந்தன. நூற்று முப்பதில் மனைவி சொட்டுக் குழாயை அந்தரத்தில் நிறுத்தி, "என்னங்க, ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினார். வெளிச்சத்தில் உச்சியில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. தலைமைக் கணக்கர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். நடுநிலையான சாட்சி என்பதையும் மறந்து, "அட!" என்றார்.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. நெற்றி சுருங்கியது, வகிடு எடுக்கலாம் போல ஆயிற்று. நூற்று அறுபத்தாறாவது நாள், வெள்ளிக்கிழமை. மெஷின் முன் நின்றார். சிவப்பு விளக்கு எரியவில்லை. பச்சை ஒரு தடவை சிமிட்டியது. "வண..." என்றது குரல், அங்கேயே நின்றுவிட்டது.

அரை வணக்கம் அலுவலகம் முழுக்கப் பரவியது. இரண்டு நாளில் இன்னும் கொஞ்சம் வளரும், திங்கட்கிழமை மிச்சமும் வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று மாலை நிர்வாக அதிகாரி ஊழியர்களைக் கூட்டி, தபால் சாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினார்:

"தலையில முடி வளர்றது பெரிய காரியமில்லை. ஆடு மாட்டுக்குக்கூட வளருது. ஆனா ஒரு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, ஒரு குழுவோட மேற்பார்வையில, குறிச்ச நாளுக்குள்ள வளர்றது இருக்கே, அதுதான் நிர்வாகம். ஒரு மெஷினைத் திருத்தறது சுலபம். யார் வேணும்னாலும் பண்ணலாம். மெஷினுக்கு ஏத்த மாதிரி ஒரு மனுஷனைத் திருத்தியிருக்கோம்!"

கைதட்டினார்கள். தபால் சாரும் தட்டினார். வீட்டுக்குப் போனதும் மனைவி ஒரு புதுச் சீப்பை எடுத்து வைத்திருந்தாள். மெதுவாக வாரினாள். "பொறந்த குழந்தை முடி மாதிரி இருக்குங்க" என்றாள். மகள், "அப்பா, உங்களை ரோட்ல பார்த்தா நானே கண்டுபிடிக்க மாட்டேன்" என்றாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பத்தெட்டு. பின்னால் இருபது பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மெஷின் யோசிக்கவே இல்லை. பட்டென்று சிவப்பு எரிந்தது. "மன்னிக்கவும். நீங்கள் வரவில்லை."

கண்ணாடியின் மூலையில் இருந்த சின்னப் படம் மாறியிருந்தது. சுவரோரம் நிற்கும் ஒரு வழுக்கைத் தலை. ‘சிகிச்சைக்கு முன்.’

நிர்வாக அதிகாரியின் மேசையில் மேலிடத்து ஆணை கிடந்தது. ‘பார்வையில் கண்ட கடிதத்தின்படி ஊழியரின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. கோப்பில் உள்ள அண்மைக்காலப் புகைப்படம் சனிக்கிழமை கருவியில் ஏற்றப்பட்டது. ஒருமுறை மாற்றிய புகைப்படத்தை மூன்று ஆண்டுகளுக்கு மாற்ற இயலாது.’

"இந்தக் கோப்பை மேலிடத்துக்கு யார் அனுப்பினது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"ஏன்யா அனுப்பினீங்க?"

"உங்க இடது பக்கத் தட்டுல இருந்துச்சு சார். அனுப்ப வேண்டியவைன்னு சீட்டு ஒட்டியிருக்கு."

அதிகாரி தட்டைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்துக்கு முந்தின சீட்டு, பழுத்துப்போய், இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தட்டில் போட்டது செத்தது என்பது அட்டெண்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அது தெரியாதவர், தினமும் நாலு மணிக்கு வந்து அந்தத் தட்டைக் காலி செய்கிற இவர் ஒருவர்தான். அதில் செத்துக் கிடந்த எத்தனையோ கோப்புகளை இவர் உயிரோடு அனுப்பியிருந்தார். மேலிடம் ஏன் தம்மை மட்டும் இத்தனை வருடமாகக் கேள்வி கேட்டுக் குடைகிறது என்று அதிகாரிக்கு இன்றுதான் விளங்கியது.

"சரி. உங்க கோரிக்கையை ஏத்துக்கிட்டாங்க. சந்தோஷப்படுங்க" என்றார் கசப்போடு. "மருந்தை இன்னையோட நிறுத்துங்க. அதே குழு, பேரை மட்டும் மாத்திடறேன். பதினோரு நாள் இருக்கு, கொட்டிடும்."

தபால் சார் டாக்டரைப் போனில் கேட்டார். மூன்று நாலு மாதம் ஆகும் என்றார் டாக்டர். யாருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்து தாம் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

"சார், சவரம் பண்ணிக்கட்டுமா?" என்று தபால் சார் மறுநாள் கேட்டார். விக்குக்குப் பிறகு அவர் ஆயுளில் கேட்ட ஒரே குறுக்குவழி அது.

"மொட்டை வேற, வழுக்கை வேற" என்றார் அதிகாரி. "வழுக்கைங்கறது காலத்தால வரணும். கத்தியால வந்தா அது போலி ஆவணம். பதிவுகளைப் பாதுகாக்கற ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு இதைக் கேக்கலாமா?"

காலை ஆறரைக்குத் தலைமைக் கணக்கர் வழக்கம்போல வந்தார். இப்போது மருந்து போடவில்லை என்பதற்குச் சாட்சி. காபி குடித்தார். போகும்போது மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வேற இடம் பாத்து வெச்சுக்கம்மா" என்றார். அவள் சீப்பை எடுத்துக் கணவன் தலையில் வைத்து, சும்மா கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"நல்லா வேர் விட்டுடுச்சுங்க" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

நூற்றெண்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு மெஷின் பக்கத்தில் இருந்த அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. நாலு மணிக்கு அது நிர்வாக அதிகாரியின் இடது தட்டில், கையெழுத்தோடு கிடந்தது. தபால் சார் தட்டைக் காலி செய்தார். மொத்தம் ஏழு கடிதம்.

"அதுல ஒண்ணு அவசரம்" என்றார் அதிகாரி, அவர் முகத்தைப் பார்க்காமல். "அஞ்சு மணித் தபால்ல போயிடணும். லேட்டாச்சுன்னா உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"சரிங்க சார்."

தம் இடத்தில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். ஆறு கடிதத்தை முடித்துவிட்டு ஏழாவதை எடுத்தார். பெறுநர் பத்தியில் தம் பெயரை எழுதினார். முகவரி மனப்பாடம்தான், இருந்தாலும் வழக்கப்படி முகவரிப் பட்டியலில் சரிபார்த்தார். வீட்டைக் காலி செய்யக் கெடு முப்பது நாள். மகளின் முதல் பரீட்சை இருபத்தெட்டாவது நாள்.

அட்டெண்டர் பையோடு வந்து நின்றார். யாருக்கென்று மேலுறையில் பார்த்துவிட்டார்.

"சார், இந்த ஒண்ணை மட்டும் டிராயர்ல போடுங்களேன். திங்கட்கிழமை மேலிடத்துக்கு இன்னொரு மனு எழுதிப் பாக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

தபால் சார் டிராயரைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அதற்குள் ஒரு கடிதம்கூட ராத்தங்கியதில்லை. கொஞ்ச நேரம் கையில் உறையை வைத்துக்கொண்டே இருந்தார். வெளியே தபால் வண்டியின் ஹாரன் கேட்டது.

"தபால் நிக்கக் கூடாதுப்பா" என்றார்.

உறையை ஒட்டக் குனிந்தபோது, பதிவேட்டின் மேல் ஒரு முடி விழுந்தது. மருந்தை நிறுத்திய பன்னிரண்டாம் நாள். தபால் சார் எழுந்து ஃபேனை நிறுத்தினார். உட்கார்ந்து, முடியை இரண்டு விரலால் எடுத்து, தம்மை இல்லை என்று சொல்லும் அந்தத் தாளோடு உறைக்குள் வைத்து ஒட்டினார். பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தது. விட்டுவிடாமல் நிரப்பினார்.

‘இணைப்பு: முடி – 1.’